வடக்குக் குழியின் சிப்பிக் கல்

1. சுத்தியலும் டேக்கும்

அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஃபாக்டரி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு சுத்தியலையும் ஒரு கட்டு அட்டை டேக்கையும் கையில் கொடுத்து வெயிலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். டேபிள், நாற்காலி, ஃபேன் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு புதுப் புடவை கட்டிப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மாவுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. மாவு மில்லில் விழுந்து எழுந்தவள் மாதிரி உச்சந்தலையிலிருந்து கால்வரை வெள்ளை.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது அண்ணனுக்குப் போயிருக்க வேண்டியது. அவன் ஒருநாள் வந்து தூசியைப் பார்த்துவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான். அதனால் எனக்கு வந்தது. நாங்கள் பருத்தியும் மிளகாயும் போட்ட காடுதான் பிற்பாடு ஃபாக்டரியின் வடக்குக் குழி ஆனது. மேலே பருத்தி பறித்த அதே இடத்தில், இருபது அடி கீழே நின்று கல் பொறுக்கினேன். முதல் வருஷம் முழுக்க அழுகை வரும். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிடித்தே போய்விட்டது.

என் வேலைக்குப் பெயர் சாம்பிளர். லாரியில் வரும் கல்லைக் கொட்டியதும் குவியலில் ஐந்து இடத்தில் தோண்டிக் கல் எடுக்க வேண்டும். அதை உடைத்து, கூம்பாகக் குவித்து, பரப்பி, நாலாகக் கீற வேண்டும். எதிரெதிர் இரண்டு பாகத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள வேண்டும். வைத்துக்கொண்டதில் ஒரு பங்கு மாவாக அரைபட்டு லேபுக்குப் போகும். இன்னொரு பங்கு, முக்கால் இஞ்சு ஜல்லியாகவே ஒரு சின்னச் சாக்கில் கட்டி, லாரி நம்பர் எழுதிய டேக்கில் என் கையெழுத்தோடு சாம்பிள் ஷெட்டில் இருக்கும். அதற்குக் கவுண்டர் சாம்பிள் என்று பெயர். பின்னால் யாராவது தகராறு செய்தால் அந்தச் சாக்கைப் பிரித்து மறுபடி டெஸ்ட் போடுவார்கள். லேபில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கார்பனேட், குறைவாக வந்தால் அந்த லோடு ரிஜெக்ட். கொட்டியதை அள்ளிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்.

டெஸ்ட் ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே இது எந்தக் குழிக் கல் என்று என்னால் சொல்ல முடியும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துக் கல்லுக்குள் கடல் இருக்கிறது. சிப்பி, நத்தை எல்லாம் கல்லாகிக் கிடக்கும். வடக்குக் குழியில் வருவது தடித்த சிப்பி. உள்ளங்கையைக் குவித்தால் வளையும் அளவுக்கு வளைவு, ஓரத்தில் மடிப்பு மடிப்பாக ஏடு. உடைத்தால் அந்த மடிப்பு சாம்பல் நிறக் கோடாகத் தெரியும். நகமளவு சில்லாக இருந்தாலும் தெரியும். மற்றக் குழிகளில் அது கிடையாது. முப்பது வருஷம் அதையே பார்த்தால் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் பார்க்க வேண்டும். கல் ஏற்றுகிற பாதிப் பேர் கல்லைப் பார்ப்பதே இல்லை.

2. நெத்திலிக் கருவாடு

நான் ரிடையர் ஆவதற்கு இரண்டு வருஷம் இருந்தபோது இது நடந்தது. வெளியிலிருந்து கல் சப்ளை செய்யும் காண்ட்ராக்ட் புதிதாக ஒருவருக்குப் போயிருந்தது. காண்ட்ராக்டரை நான் பார்த்ததுகூட இல்லை. அவருடைய சூப்பர்வைசர் குணசேகரன்தான் எல்லாம். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், வாய் நிறைய அக்கா. அவர்கள் கல் ஓடைக்கரைக் குழியிலிருந்து வரும். மஞ்சள் கலந்த கல், மணல் அதிகம். ஒரு சிப்பியும் இருக்காது. நல்ல லோடும் வரும், மண்ணும் வரும்.

ஒருதடவை பதினைந்தே நாளில் ஏழு லோடு ரிஜெக்ட் ஆனது. குணசேகரன் ஷெட்டுக்கு வந்து நின்றான்.

“ஏக்கா, மேலாப்புல நாலு கல்லைப் பொறுக்கிப் போட்டா ஆவாதா? கெணறு தோண்டுற மாதிரி தோண்டுறீங்களே.”

“மேலாப்புல நல்ல கல்லைப் பரப்பிட்டு அடியில மண்ணை ரொப்பி அனுப்புறது யாரு தம்பி?” என்றேன்.

எனக்கு வாய் நீளம் என்று ஃபாக்டரி முழுக்கப் பெயர். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கத்தியிருந்தால் நான் மறந்திருப்பேன். மறுநாளிலிருந்து வழியில் பார்த்தால் குட்மார்னிங், வண்டி நுழையும்போது ஒரு கும்பிடு. அந்த மரியாதைதான் எனக்கு உறுத்தியது.

ஷெட்டில் என்னோடு வேலை பார்த்தவள் விஜயா. காண்ட்ராக்ட் லேபர். மூட்டை தூக்குவது, கல் உடைப்பது, கூட்டுவது எல்லாம் அவள்தான். அம்மா வீடு உடையார்பாளையம். முந்திரி சீசனில் பழம் கொண்டுவந்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கொடுப்பாள். புருஷன் டிரைவர். ஆறு வருஷமாக மத்தியானச் சாப்பாடு நாங்கள் இரண்டு பேரும்தான். தூசிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த பக்கெட்டில் ஆளுக்கொருத்தியாக உட்கார்ந்து, டப்பாவை மாற்றிக்கொண்டு சாப்பிடுவோம். அவள் வைக்கும் புளிக்குழம்பை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது. அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் பேசிச் சிரித்ததெல்லாம் எழுத இந்த நோட்டு போதாது.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து கை கழுவிக்கொண்டிருக்கிறேன். குணசேகரன் வண்டியில் சாய்ந்து நின்றபடி, “என்னக்கா, நெத்திலிக் கருவாட்டுக்கு மாங்கா போட்டு வச்சீங்களாமே, நேத்து” என்றான். பாராட்டுகிற மாதிரிதான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. மோந்து கண்டுபிடிக்க அது அன்றைய குழம்பும் இல்லை. முந்தின நாள் சாத்திய கதவுக்குள் தின்ற குழம்பு இவனுக்கு எப்படித் தெரியும்? ஷெட்டில் கேமராகூடக் கிடையாது. ஒன்று மாட்டினார்கள், தூசியில் மூன்றே மாதத்தில் அது குருடாகிவிட்டது.

கருவாடு எனக்கும் விஜயாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியானால் என்னைப் பற்றி இவன் அவளிடம் தினமும் கேட்கிறான். குழம்புவரை கேட்கிறவன் வேறென்ன கேட்பான்? அன்று சாயங்காலம் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தவள் இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கினேன்.

3. பெரம்பலூர் போய்வந்தது

சந்தேகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. மறுநாள் சாப்பாட்டின்போது விஜயாவிடம் மட்டும் சொன்னேன்: “கண்ணு கொஞ்ச நாளா மங்கலா இருக்குடி. வியாழக்கிழமை மத்தியானம் லீவு போட்டுட்டுப் பெரம்பலூர் போயிக் காட்டிட்டு வரேன். ஷெட்டைப் பாத்துக்க.” இன்னொரு சாவி அவளிடம்தான் இருந்தது.

பொய் சொல்ல மனசு வரவில்லை. நிஜமாகவே போய்க் காட்டினேன். டாக்டர் எழுத்தையெல்லாம் படிக்கச் சொல்லிவிட்டு, கண் அருமையாக இருக்கிறது, எதற்கு வந்தீர்கள் என்றார். வெளியே வந்து ஒரு நல்ல ஹோட்டலில் ரவா தோசை சாப்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். சர்வீஸில் அப்படி ஓய்வாக உட்கார்ந்த ஒரே மத்தியானம் அதுதான். ஷெட்டில் என்ன நடக்கிறதோ என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே போய், ரிஜெக்ட் ஆன ஏழு லோடின் சாக்குகளையும் வரிசையாகப் பிரித்தேன். ஆறு சாக்கில் மஞ்சள் கல். ஏழாவதில், என் கையெழுத்துப் போட்ட டேக்குக்கு அடியில், வெள்ளைக் கல். ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். மடிப்பு மடிப்பாகச் சாம்பல் கோடு. எங்கள் காட்டுச் சிப்பி.

எல்லாம் விளங்கிவிட்டது. நான் வேண்டுமென்றே நல்ல கல்லை ரிஜெக்ட் செய்கிறேன் என்று புகார் கொடுப்பார்கள். சாக்கைப் பிரித்து மறுபடி டெஸ்ட் போட்டால் கார்பனேட் ஜோராக வரும். பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று என்னை வெளியே அனுப்புவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர் மேலாப்பில் நாலு கல் பொறுக்குவார். இதில் கூத்து என்னவென்றால், மாற்றுவதற்கு நல்ல கல்லைத் தேடி எங்கும் போக அவர்களுக்கு உடம்பு வணங்கவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் இருபது தப்படியில் எங்கள் ஃபாக்டரியின் வடக்குக் குழிக் கல் மலையாகக் கிடந்தது. அதிலேயே அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கல் என்றால் கல்தானே என்ற நினைப்பு.

உடனே லேப் ஹெட் சீனிவாசன் சாரிடம் ஓடியிருக்கலாம். அவர் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நல்லவரா கெட்டவரா என்றே தெரியாது. ஒரே ஒரு சாக்கைக் காட்டினால், நீயே மாற்றி வைத்துவிட்டுப் பழி போடுகிறாய் என்று குணசேகரன் சொல்வான். என் பேச்சு ஒரு பக்கம், அவன் பேச்சு ஒரு பக்கம், அவ்வளவுதான். ஆத்திரமாக வந்தது. எண்ணி மூச்சுவிட்டேன். சாக்குகளை இருந்தபடியே கட்டி வைத்தேன்.

விஜயா வந்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, கோடை கழிந்து ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். இந்தத் தடவை பொய் தாராளமாக வந்தது. அவள் முகம் சுண்டிப்போனது. “ஐயோ, என்னக்கா இது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி பொய்யில்லை. எனக்கு அது அப்போதும் தெரிந்தது.

அதற்கப்புறம் எட்டு நாள் நாடகம். டேக்கை மூக்குக்கு ஒட்டிப் பிடித்து எழுதுவேன். லாரி நம்பரை விஜயாவைப் படிக்கச் சொல்வேன். ஒருநாள் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன்; அது கொஞ்சம் அதிகப்படிதான். தினமும் சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். தினமும் காலையில் அவள் வருவதற்கு முன் சாக்குகளைப் பார்ப்பேன். ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டு வந்தது. எட்டாம் நாள் ஏழு சாக்கிலும் எங்கள் காட்டுக் கல். கண் தெரியாதவள் என்றதும் அவர்களுக்கு ஆசை வந்துவிட்டது.

அந்த எட்டு நாளும் அவளோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டேன். என் பொரியலை அவளுக்கு வைத்தேன்.

4. மூன்றாவது காலம்

ஒன்பதாம் நாள் புகார் வந்தது. சீனிவாசன் சார் என்னைக் கூப்பிட்டார்.

“தனலெட்சுமிம்மா, ஏழு லோடும் நீங்க வேணும்னே ரிஜெக்ட் பண்ணினதா எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்குக் கவுண்டர் சாம்பிள் பிரிக்கிறோம். அதுல நல்லா வந்துட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சஸ்பென்ஷன்தான்.”

“பிரிங்க சார். ஆனா ஃபார்ம்படி பிரிங்க” என்றேன்.

ஜாயிண்ட் டெஸ்ட் ஃபார்மில் மூன்றாவது காலம், அதாவது மூன்றாவது கட்டம், ஒன்று உண்டு. ‘சாம்பிளைப் பார்த்தேன், எங்கள் லோடின் கல் என்று ஒப்புக்கொள்கிறேன்’ என்று சப்ளை செய்தவர் டெஸ்டுக்கு முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். நடைமுறையில் யாரும் முன்னால் போடுவதில்லை. ரிசல்ட் வந்தபின் எல்லாக் காலத்துக்கும் சேர்த்து வரிசையாகப் போடுவார்கள். நான் இருந்த வருஷங்களில் அந்த விதியை ஒருவரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். இரவெல்லாம் ஒரே கவலை, அவன் கல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று.

மறுநாள் காலை லேபில் ஏழு டிரே வைத்தார்கள். விஜயாதான் சாக்குகளைத் தூக்கிவந்து கொட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. குணசேகரன் கூலிங் கிளாஸைச் சட்டையில் செருகிக்கொண்டு வந்து நின்றான். சார் ஏழு ஃபார்மையும் நீட்டினார்.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னேன்: “எனக்குத்தான் கண்ணு செரியா தெரியலையே தம்பி. நீயே ஒவ்வொண்ணாப் பாத்துச் சொல்லிடு, ஒன் கல்லுதானான்னு.”

அவன் டிரேக்களைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “எங்க கல்லுதாங்க்கா. இதைப் போயி ரிஜெக்ட் பண்ணியிருக்கீங்களே” என்று சொல்லிக்கொண்டே ஏழு ஃபார்மிலும் கையெழுத்துப் போட்டான். நிதானமாக, அழகாகப் போட்டான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முதல் டிரேயிலிருந்து ஒரு சில்லை எடுத்தேன். தூரத்திலிருந்தே பார்த்து எடுத்தேன், தடவித் தேடவில்லை. சாரின் உள்ளங்கையில் வைத்தேன்.

“சார், இந்த மடிப்புக் கோடு சிப்பி. இது நம்ம வடக்குக் குழியில மட்டுந்தான் வரும். ஏழு டிரேயிலயும் கெடக்கு, நீங்களே பாருங்க. இவங்க கொண்டாந்தது ஓடைக்கரைக் கல்லு. தம்பி, ஒங்க குழியில இந்தச் சிப்பி எங்கன இருக்குன்னு இப்பவே கூட்டிட்டுப் போயிக் காட்டு. இல்லேன்னா, நம்ம ஃபாக்டரிக் கல்லு ஒன் சாக்குல எப்படி வந்துச்சுன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு சொல்லித்தான் ஆவணும், கையெழுத்துப் போட்டுட்ட.”

 சார் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுரங்கத்து ஜியாலஜிஸ்டைப் போனில் கூப்பிட்டார். அவர் வந்து டிரேக்களைப் பார்த்த அதே நிமிஷம், வடக்குக் குழி, இரண்டாவது பெஞ்ச், அதாவது மேலிருந்து இரண்டாவது வெட்டுப்படி, என்றார். ஓடைக்கரைக்கு ஜீப் போய் வந்தது. அங்கே சிப்பியும் இல்லை ஒன்றும் இல்லை. குணசேகரன் தண்ணீர் கேட்டான். அதை நானே கொடுத்தேன். அந்த அற்பச் சந்தோஷத்தை ஏன் மறைக்க வேண்டும்?

காண்ட்ராக்டர் புகாரை எழுத்தில் வாபஸ் வாங்கினார். தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிக் குணசேகரனை நிறுத்திவிட்டார். ஃபாக்டரியில் எல்லோரும் எனக்கு வணக்கம் வைத்தார்கள். கேண்டீனில் ஒரு வாரம் இதே பேச்சு. நானும் காலரில்லாத கழுத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

5. மெமோ

பிறகு விசாரணை வந்தது: பூட்டிய ஷெட்டில் சாக்கை மாற்றியது எப்படி, சாவி யாரிடம் இருந்தது? சார் என்னைத்தான் முதலில் கேட்டார். விஜயா வாசலில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

சாவி கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், என் அஜாக்கிரதைதான் என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அஜாக்கிரதைக்கு ஒரு மெமோ கொடுத்தார். முப்பது வருஷ சர்வீஸில் நான் வாங்கிய ஒரே மெமோ.

அன்று மத்தியானம் விஜயா ஷெட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அவள் புருஷன் ஓட்டியது அந்தக் காண்ட்ராக்டரின் டிப்பர் என்றாள். எனக்கு அதுகூடத் தெரியாது. ஆறு வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிட்ட நான், அவள் புருஷன் யார் வண்டி ஓட்டுகிறான் என்று கேட்டதில்லை. சாவியைக் கொடுக்காவிட்டால் அவனை வண்டியிலிருந்து இறக்கிவிடுவேன் என்று குணசேகரன் சொல்லியிருக்கிறான். மூன்று பிள்ளைகள், விக்கிரமங்கலத்தில் வாடகை வீடு.

“எட்டு நாளும் தெரிஞ்சேதான் என்கூட ஒக்காந்து சாப்ட்டீங்களாக்கா?” என்றாள்.

“ஆமா” என்றேன்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மொத நாளே சொல்லியிருப்பேன். சொல்ல வாயெடுத்து வாயெடுத்து அடக்கிக்கிட்டேன். நீங்களே கேட்டுட மாட்டீங்களான்னு இருந்துச்சு.”

 சாவியைக் கவிழ்த்த பக்கெட்மேல் வைத்துவிட்டுக் கல் உடைக்கப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து கேண்டீனில் மற்றப் பெண்களோடு சாப்பிட்டாள். சண்டையில்லை. வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. என்னோடு பேசும்போது முன்பு இல்லாத அளவுக்கு ‘ங்க’ போட்டாள். நான் ரிடையர் ஆகும்வரை அப்படியேதான் போனது.

இப்போது வேலையில் இருக்கிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால் இந்தக் கதையைக் கேட்பார்கள். யாராவது உங்களை வேவு பார்ப்பது தெரிந்தால் கத்தாதீர்கள், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள், ஃபார்மை முழுசாகப் படியுங்கள், எதிராளியின் கையெழுத்தை முன்னால் வாங்குங்கள் என்று சொல்லுவேன். இது எல்லாம் சரிதான், இதனால்தான் நான் மரியாதையோடு ரிடையர் ஆனேன். ஆனால் குணசேகரனைக் கண்டுபிடிக்க எனக்குக் கருவாடு போதுமாக இருந்தது. விஜயாவுக்கு என்ன கஷ்டம் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும், அதை நான் கேட்கவில்லை. எனக்குக் கோபமும் இருந்தது. ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்தது. உங்களைக் கண்காணிக்கும் ஆளை யார் எதைச் சொல்லி மிரட்டி அங்கே நிறுத்தினார்கள் என்று முதலில் அந்த ஆளிடமே கேட்டுவிடுங்கள். நான் கேட்டிருந்தால் அன்றைக்கே குணசேகரன் மாட்டியிருப்பான், அதற்கப்புறம் நானும் இரண்டு வருஷம் தனியாகச் சாப்பிட்டிருக்க வேண்டாம்.